காங் கிராமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குப் பக்கம் சுற்றுலா போகிறவர்களில் பலர் காங் என்ற ஊரை ஒரு பழைய ஹாலிவுட் படத்துக்காகவோ ஒரு கோட்டை ஓட்டலுக்காகவோ எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறார்கள். படமும் ஓட்டலும் இந்த ஊர்க் கதையில் மிகவும் பிந்தி வந்தவை. அதற்கு முன்னால் இங்கே நடந்தவற்றைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் இருக்கின்றன. சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

காங் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

மேயோ கவுண்டியின் தெற்கு விளிம்பில், கால்வே கவுண்டியின் எல்லையை ஒட்டி இருக்கிறது. கால்வே நகரத்திலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ரயில் கிடையாது. வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி. இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகலான நிலத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. காரிப், அயர்லாந்துக் குடியரசின் மிகப் பெரிய ஏரி. ஊரின் மக்கள்தொகை சில நூறு பேருக்கு மேல் போகாது. ஒரு கடைத்தெரு, சில மதுக்கடைகள், ஒரு தேவாலயம், ஒரு பாழடைந்த மடம், சுற்றிலும் ஓடைகள். நடந்தே முழு ஊரையும் பார்த்துவிடலாம்.

இரண்டு ஏரிக்கும் நடுவில் ஆறே இல்லையே, தண்ணீர் எப்படிப் போகிறது?

தரைக்கு அடியில் போகிறது. இந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். லேசான அமிலத்தன்மை கொண்ட மழைநீர் பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளும் வழிகளும் ஆக்கிவிட்டது. மாஸ்க் ஏரியின் நீர்மட்டம் காரிப்பைவிடப் பத்து மீட்டருக்கு மேல் உயரம். மேலே இருக்கிற தண்ணீர் கல்லின் இடுக்குகளில் இறங்கி, நிலத்தடியில் ஓடி, காங் ஊருக்குள் ஊற்றுகளாகக் கொப்பளித்து வெளியே வருகிறது. அந்தத் தண்ணீர்தான் காங் ஆறாகி, சிறிது தூரம் ஓடிக் காரிப்பில் கலக்கிறது. மாவு ஆலைகள் ஓடியதும், துறவிகளுக்கு மீன் கிடைத்ததும் இந்தத் தண்ணீரால்தான்.

ஊருக்கு மேற்கே காட்டுக்குள் 'புறாப் பொந்து' என்று ஒரு குகை இருக்கிறது. ஈரமான கற்படிகளில் இறங்கினால் அடியில் அந்த நிலத்தடி ஆற்றின் சத்தம் கேட்கும். காதலனை இழந்த ஒரு பெண் வெள்ளை மீனாக மாறி அங்கே வாழ்வதாக ஒரு பழங்கதை உண்டு. படிகள் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

மடத்தை யார் கட்டினார்கள்?

7ஆம் நூற்றாண்டில் புனித ஃபெக்கின் என்ற துறவி இங்கே முதல் தேவாலயத்தை அமைத்தார் என்பது மரபு. இந்த ஊரின் ஐரிஷ் பெயரிலேயே அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் காலத்துக் கட்டடம் எதுவும் இப்போது இல்லை. 12ஆம் நூற்றாண்டில் கானக்ட் அரசரும் அயர்லாந்தின் பேரரசருமான டர்லோ ஓ'கானர், அகஸ்டீனிய சபைத் துறவிகளுக்காக மடத்தைப் புதிதாக எழுப்பினார். அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. தெற்கிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் ஒருமுறை அழித்தார்கள், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்மன் பிரபுக்களான டி பர்க் குடும்பத்தார் ஒருமுறை சூறையாடினார்கள். இன்று நாம் பார்க்கும் செதுக்கு வேலைகளில் பெரும்பகுதி அதையொட்டி நடந்த மறுகட்டுமானத்தின் மிச்சம். வாசல் வளைவுகளில் உள்ள இலைக் கொத்துகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேற்கு அயர்லாந்துக் கல்தச்சர்களின் கை வேலையில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வது மிகையில்லை.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் கலைத்தபோது இதுவும் போனது. இப்போது சுற்றுத் தாழ்வாரத்தில் நிற்கிற அழகான வளைவுகள் முழுக்கப் பழையவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பக்கத்து ஆஷ்ஃபோர்ட் கோட்டையை வாங்கிய கின்னஸ் குடும்பம் பணம் கொடுத்துப் பழுதுபார்த்தபோது பல தூண்தலைகள் புதிதாகச் செதுக்கப்பட்டன. செதுக்கியது உள்ளூர்க் கல்தச்சர்கள். எது பழையது, எது புதியது என்று சட்டென்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நல்ல வேலை.

அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் இங்கேதான் துறவியாக வாழ்ந்து இறந்தாரா?

பாதி சரி. டர்லோவின் மகன் ரோரி ஓ'கானர் 1166இல் பேரரசர் ஆனார். அவர் நாட்டைவிட்டுத் துரத்திய லென்ஸ்டர் மன்னர்தான் இங்கிலாந்துப் பக்கம் போய் நார்மன் வீரர்களை உதவிக்கு அழைத்துவந்தார். 1169இல் அவர்கள் வந்து இறங்கினார்கள். 1171இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியே நேரில் வந்தார். 1175இல் விண்ட்சர் உடன்படிக்கையில் ரோரி ஹென்றியின் மேலாதிக்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று. 1183இல் மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் காங் மடத்துக்கு ஒதுங்கினார். 1198இல் இங்கேயே இறந்தார். உடலை ஷானன் ஆற்றங்கரையில் உள்ள கிளான்மக்னாய்ஸ் மடத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளைப் பிரார்த்தனையில் கழித்தார் என்று சுற்றுலாப் பலகைகள் உருக்கமாகச் சொல்லும். நடந்தது அவ்வளவு சாந்தமானதல்ல. நடுவில் வெளியே வந்து ஆட்சியைத் திரும்பப் பிடிக்க அவர் முயன்றார். மகனோடு மோதல், பிறகு உறவினரோடு மோதல். எதுவும் பலிக்கவில்லை. பதவியை விட்ட அரசியல்வாதிக்கு ஓய்வு என்பது எந்தக் காலத்திலும் கஷ்டம்தான் போலிருக்கிறது.

ஆற்றுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கல்வீடு என்ன?

துறவிகளின் மீன்பிடி வீடு. 15 அல்லது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆற்றின்மேல் சிறிய வளைவு கட்டி, அதன்மேல் அறை எழுப்பியிருக்கிறார்கள். தரையில் ஒரு துவாரம், அதன் வழியாக வலையை இறக்கலாம். குளிர் காய ஒரு கணப்பும் உண்டு. மீன் சிக்கியதும் கயிற்றை இழுத்தால் மடத்துச் சமையலறையில் மணி அடிக்கும் என்பது ஊரில் சொல்கிற கதை. கயிறும் மணியும் யாரும் பார்த்ததில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

காங் சிலுவை என்கிறார்களே, அது ஊரில் எங்கே இருக்கிறது?

ஊரில் இல்லை. டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அங்கே போன கதையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

இயேசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்று நம்பப்பட்ட ஒரு மரச்சில்லு 1120களில் அயர்லாந்துக்கு வந்தது. அதை வைப்பதற்காக டர்லோ ஓ'கானர் செய்வித்த ஊர்வலச் சிலுவை இது. ஆண்டு 1123. உயரம் 76 சென்டிமீட்டர். உள்ளே ஓக் மரம், மேலே வெண்கலத் தகடுகள், தங்கக் கம்பி வேலைப்பாடு, நடுவில் ஒரு படிகக் கல். மரச்சில்லு தெரிவதற்காகவே அந்தப் படிகம். அடியில் ஒரு மிருகத்தின் தலை சிலுவையைக் கவ்விப் பிடித்திருக்கும். உடல் முழுக்க ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் பாம்பு உருவங்களில் ஸ்காண்டிநேவியப் பாணியின் சாயல் இருக்கிறது. வைக்கிங்குகள் கொள்ளையடிக்க மட்டும் வரவில்லை, கலையையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விளிம்பைச் சுற்றி லத்தீனிலும் ஐரிஷிலும் எழுத்துப் பொறிப்பு. செய்வித்த அரசர், ஆயர்கள் ஆகியோரோடு செய்த கைவினைஞரின் பெயரும் அதில் இருக்கிறது. 'மேல் ஈசு' என்ற அந்தக் கைவினைஞருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு பொற்கொல்லரின் பெயர் அரசன் பெயருக்குப் பக்கத்தில் வருவது சாதாரணமல்ல.

இது முதலில் டூவம் நகரத்துப் பேராலயத்துக்காகச் செய்யப்பட்டது, பிறகு காங் மடத்துக்கு வந்தது. மடம் கலைக்கப்பட்ட பிறகு கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்ட காலத்திலும் ஊர்க்காரர்கள் இதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். காங் மடத்தின் கடைசித் தலைவராகக் கருதப்படும் பாதிரியார் பேட்ரிக் பிரெண்டர்காஸ்ட் இதை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். அவர் 1829இல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து, 1839இல், டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கல்லா 100 கினி கொடுத்து இதை வாங்கி, ராயல் ஐரிஷ் அகாடமிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் பெரிய பணக்காரர் அல்ல. நாட்டுக்கென்று ஒரு பழம்பொருள் சேகரிப்பு உருவாக வேண்டும் என்ற எண்ணத்தில் கைப்பணத்தைப் போட்டார்.

ஊராருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பின்னால் வந்த ஒரு பங்குப் பாதிரியார் டப்ளினுக்குப் போய்ச் சிலுவையை அங்கியில் மறைத்துத் தூக்கிக்கொண்டு வர முயன்று வாசலில் பிடிபட்டார் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. 2010இல் சிலுவை மேயோவிலுள்ள கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குக் கடனாகக் கொஞ்ச காலம் வந்து போனது. நிரந்தரமாகத் திரும்பி வருமா? டப்ளினில் உள்ள பாதுகாப்பும் பராமரிப்பும் ஒரு கிராமத்தில் கிடைக்காது என்பது ஒரு நியாயம். அத்தனை நூற்றாண்டு அதை உடையாமல் காப்பாற்றியது அந்தக் கிராமம்தான் என்பது இன்னொரு நியாயம். எனக்கு இரண்டாவதன் பக்கம்தான் சாய்வு.

ஊரைச் சுற்றிப் பெரிய கற்குவியல்களும் கல்வட்டங்களும் இருக்கின்றனவே?

வரலாற்றுக்கு முந்தைய காலத்தவை. காங்குக்கும் கிராஸ் என்ற அடுத்த ஊருக்கும் நடுவில் உள்ள பாலிமக்கிப்பன் கற்குவியல் புதிய கற்காலக் கல்லறை. ஊருக்கு வடகிழக்கே வயல்களுக்குள் ஒன்றுக்கொன்று அருகில் நான்கு கல்வட்டங்கள் இருக்கின்றன. அவை தனியார் நிலத்தில் இருப்பதால் கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

இவற்றை ஒரு புராணப் போரோடு சேர்த்துப் பேசுவார்கள். ஃபிர் போல்க் என்ற பழங்குடிகளும், துவாதா டே டானன் என்ற தேவ இனத்தாரும் மோதிய முதலாம் மொய்ட்டூரா போர். அதில் தேவர்களின் அரசன் நுவாடா ஒரு கையை இழந்தான், வைத்தியன் அவனுக்கு வெள்ளியில் கை செய்து பொருத்தினான் என்று கதை. அந்தப் போர்க்களம் இந்தச் சமவெளிதான், ஒவ்வொரு கற்குவியலும் இன்னின்ன வீரனுடையது என்று பெயர் சொல்லி எழுதியவர் சர் வில்லியம் வைல்ட். ஆஸ்கர் வைல்டின் அப்பா, டப்ளினில் புகழ்பெற்ற கண், காது மருத்துவர். 1860களில் காங் அருகே காரிப் கரையில் மொய்ட்டூரா இல்லம் என்று ஒரு வீடு கட்டிக்கொண்டு, 1867இல் இந்த ஏரியைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். போர்க்கள அடையாளங்களை இன்றைய தொல்லியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் எந்தக் கல் எந்த வயலில் எப்படி நின்றது என்று அவர் வரைந்துவைத்த விவரங்கள் இன்றும் உதவுகின்றன.

உலர்ந்த கால்வாய் என்பது இன்ஜினியர்களின் முட்டாள்தனமா?

இந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்லப்படுகிற கதை இது. மாஸ்க் ஏரியையும் காரிப்பையும் படகுப் போக்குவரத்துக்காக இணைக்கக் கால்வாய் வெட்டினார்கள். 1848இல் தொடங்கி ஆறு ஆண்டு வேலை. திறப்பு விழா அன்று தண்ணீரை விட்டார்கள், சல்லடையில் ஊற்றியதுபோல மொத்தமும் சுண்ணாம்புக்கல்லுக்குள் போய்விட்டது, பிரபுக்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். இப்படித்தான் கதை.

நல்ல கதை, நம்புவதற்கில்லை. இந்த நிலம் தண்ணீரைக் குடிக்கும் என்பது உள்ளூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அளவெடுத்த பொறியாளர்களுக்கும் தெரிந்தே இருந்தது. களிமண் பூசி அடைத்துவிடலாம் என்பதுதான் திட்டம். அதற்குள் காலம் மாறிவிட்டது. 1851இல் டப்ளினிலிருந்து கால்வேக்கு ரயில் வந்துவிட்டது. படகில் சரக்கு ஏற்றுவதன் லாபம் போய்விட்டது. செலவோ ஏறிக்கொண்டே போனது. 1854இல் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மீதியை வெள்ள வடிகாலாக மட்டும் முடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு, வெட்டிய கல்லில் அருமையாகக் கட்டிய கரைகளும், படகை ஏற்றி இறக்கும் அடைப்புகளும் இன்றும் நிற்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும், கோடையில் காய்ந்து புல் முளைத்துக் கிடக்கும்.

இந்தக் கதையில் சிரிப்பைவிட முக்கியமான ஒன்று, அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் வந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அடுத்த ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். மேயோ மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. 1841 கணக்கெடுப்பில் 3,88,887 பேர். 1851இல் 2,74,499. இன்றைக்கும் மேயோவின் மக்கள்தொகை சுமார் 1.38 லட்சம்தான், பஞ்சத்துக்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் சில பென்ஸ் கூலிக்குக் கல் உடைத்தவர்கள் கட்டியது இந்தக் கால்வாய். தண்ணீர் நிற்காததைப் பற்றிய நையாண்டி பெரிதாகப் பரவியது, அவர்களின் பெயர்ப் பட்டியல் அந்த அளவுக்குப் பரவவில்லை.

ஆஷ்ஃபோர்ட் கோட்டை உண்மையிலேயே பழங்காலக் கோட்டையா?

ஓர் ஓரம் மட்டும். 1228இல் டி பர்க் குடும்பம் இங்கே கோட்டை எழுப்பியது. 18ஆம் நூற்றாண்டில் பிரவுன் என்ற குடும்பம் வேட்டை மாளிகை கட்டியது. பஞ்சத்தில் கடனில் மூழ்கிய பண்ணைகளை ஏலம்விட அரசு தனி நீதிமன்றமே வைத்தது. அப்படிக் கைமாறிய காலத்தில், 1852இல், சர் பெஞ்சமின் லீ கின்னஸ் இதை வாங்கினார். ஆமாம், அதே கின்னஸ் பியர்தான். அவருடைய மகன் ஆர்தர், பின்னாளில் ஆர்டிலான் பிரபு, இன்று புகைப்படங்களில் தெரிகிற கோபுரங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டினார். ஆக, பார்ப்பதற்கு மத்திய காலம் மாதிரி இருப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஆசை. 1939 முதல் ஓட்டல். 1984இல் அமெரிக்க அதிபர் ரீகன் தங்கினார். அறை வாடகையை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

பாய்காட் என்ற சொல் இந்த ஊரில்தான் பிறந்ததா?

காங்கிலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மாஸ்க் ஏரியின் கரையில். கேப்டன் சார்லஸ் பாய்காட் என்பவர் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். அங்கேயே ஏரிக்கரை வீட்டில் இருந்துகொண்டு தானும் விவசாயம் செய்தார். 1870களின் கடைசியில் மறுபடி விளைச்சல் பொய்த்தது. 1880இல் குத்தகைக்காரர்கள் வாடகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்கப் போலீஸ் காவலுடன் ஆள் வந்தபோது, வழிமறித்தவர்கள் பெண்கள். சேற்றையும் சாணியையும் வாரி அடித்து விரட்டினார்கள்.

அதே வாரத்தில்தான் ஐரிஷ் தேசியவாதத் தலைவர் பார்னெல் எனிஸ் நகரக் கூட்டத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார். வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுப்பவரைச் சுடவேண்டாம், அவரோடு தெருவில், கடையில், கோயிலில், சந்தையில் எங்கேயும் பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார். மேயோக்காரர்கள் அதை ஏஜென்ட்மேலேயே பிரயோகித்தார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், துணி வெளுப்பவர் மறுத்தார், கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வயலில் பயிர் அறுப்பாரின்றி நின்றது.

பாய்காட் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விஷயம் பெரிதாகி, நவம்பரில் வடக்கே கேவன், மோனஹன் பகுதிகளிலிருந்து ஆரஞ்சு சங்கம் என்ற பிரிட்டிஷ் ஆதரவு புராட்டஸ்டண்ட் அமைப்பைச் சேர்ந்த 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படைவீரர்களும் போலீசும். ரயில் நிலையத்தில் இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டுபோக ஒரு வண்டியும் கிடைக்கவில்லை, மழையில் நடந்தார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமான பயிரை எடுக்க அரசுக்கு ஆன செலவு 10,000 பவுண்டு என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு டர்னிப் கிழங்குக்கு ஒரு ஷில்லிங் ஆயிற்று என்று பார்னெல் கேலி செய்தார்.

நீல் ஊரின் பங்குப் பாதிரியார் ஜான் ஓ'மாலிதான் அவர் பெயரையே அந்தச் செயலுக்கு வைக்க யோசனை சொன்னவர். 'சமூக விலக்கு' என்பதற்கான படிப்பாளிச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது என்பது அவர் கவலை. கால் நூற்றாண்டில் அந்தச் சொல் வங்காளத்துச் சுதேசி இயக்கம்வரை வந்துவிட்டது. தமிழ்நாட்டு டீக்கடையிலும் அதை விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்டால், நவம்பர் கடைசியில் காவலோடு கிளம்பினார், மறு ஆண்டே திரும்பி வந்தார், 1886 வரை இருந்தார். பிற்காலத்தில் ஊரோடு ஓரளவு சமாதானமாகவே இருந்திருக்கிறார். இந்தப் பகுதியைப் பெரும்பாலானோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் போராட்டம் முழுக்க அமைதியாகத்தான் நடந்ததா?

இல்லை. பாய்காட் விவகாரம் நடந்த அதே 1880 செப்டம்பரில் பக்கத்துக் கிளான்பர் ஊருக்கருகே மவுண்ட்மாரிஸ் பிரபு சுட்டுக்கொல்லப்பட்டார். 1882 ஜனவரியில் ஆர்டிலான் பிரபுவின் வசூல்காரரான ஹடி என்ற முதியவரும் அவருடைய பேரனும் கொல்லப்பட்டு, மாஸ்க் ஏரிக்குள் வீசப்பட்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது மாம்ட்ராஸ்னா. ஏரிக்கு மேற்கே மலைச்சரிவில் உள்ள குக்கிராமம். 1882 ஆகஸ்டில் ஓர் இரவில் ஜான் ஜாய்ஸ் என்பவரின் வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து, குடும்பத்தில் ஐந்து பேரைக் கொன்றார்கள். ஒரு சிறுவன் பிழைத்தான். பத்துப் பேர் கைதானார்கள். இரண்டு பேர் அப்ரூவர் ஆனார்கள். மைல்ஸ் ஜாய்ஸ் என்ற விவசாயிக்கு ஐரிஷ் தவிர வேறு மொழி தெரியாது. டப்ளினில் நடந்த விசாரணையோ ஆங்கிலத்தில். தன் உயிரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதே புரியாமல் அவர் கூண்டில் உட்கார்ந்திருந்தார். அவரோடு தூக்குத் தண்டனை பெற்ற மற்ற இருவரும் அவர் நிரபராதி என்று சாவதற்கு முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். அரசு கேட்கவில்லை. 1882 டிசம்பர் 15 அன்று கால்வே சிறையில் மூவரையும் தூக்கிலிட்டார்கள். 2018இல் அதிபர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் மைல்ஸ் ஜாய்ஸுக்கு மரணத்துக்குப் பிந்தைய மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்ற சட்டச் சொல் கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் சட்டத்தில் இருந்த வழி அதுதான்.

இப்போதும் இங்கே ஐரிஷ் பேசுகிறார்களா?

காங்கில் அன்றாடப் பேச்சு ஆங்கிலம். ஆனால் மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஜாய்ஸ் நாடு என்று அழைக்கப்படும் பகுதி வருகிறது. அங்கே கிளான்பர், கோர்னமோனா போன்ற ஊர்கள் அரசு அங்கீகரித்த ஐரிஷ் மொழிப் பகுதிகள். சாலைப் பலகைகளில் ஆங்கிலம் காணாமல் போவதை வைத்தே எல்லை தெரிந்துவிடும்.

அந்தப் படம்?

'தி குவயட் மேன்'. ஜான் ஃபோர்ட் இயக்கி, ஜான் வெய்ன், மோரீன் ஓ'ஹாரா நடித்து, 1952இல் வெளிவந்தது. வெளிப்புறக் காட்சிகளை 1951 கோடையில் இங்கே எடுத்தார்கள், உட்காட்சிகளில் பெரும்பாலானவை ஹாலிவுட் அரங்கில். ஃபோர்டுக்குச் சிறந்த இயக்குநருக்கான நான்காவது ஆஸ்கர் இதில் கிடைத்தது. அவருடைய பெற்றோர் கால்வே பக்கத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள், ஆகவே படத்தில் தெரிவது ஒரு மகனின் கனவு அயர்லாந்து. பெண்ணை இழுத்துக்கொண்டு போகிற காட்சியை இன்று பார்த்தால் நெளியத் தோன்றும். ஊருக்கு அது சோறு போடுகிறது. சிலை இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, படத்தில் மதுக்கடையாக வந்த மளிகைக் கடை பின்னால் நிஜமாகவே மதுக்கடை ஆகிவிட்டது.

ஏரியில் படகில் போகலாமா?

போகலாம், பருவத்தில் படகுகள் ஓடும். காரிப்பிலுள்ள இன்ச்சகோயில் தீவில் இறங்குங்கள். இரண்டு பழைய தேவாலயங்களும், லுகுவேடன் என்பவரின் பெயர் பொறித்த ஒரு சிறு கல்லும் இருக்கின்றன. அயர்லாந்தில் லத்தீன் எழுத்தில் வெட்டப்பட்ட மிகப் பழைய கல்வெட்டுகளில் அது ஒன்று. படகின் சுக்கான் மாதிரியான வடிவம், உயரம் அரை ஆள்கூட இல்லை. தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்படி ஓர் ஐரிஷ் கிராமத்தின் பழைய ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் இலவசம். முதலில் 'டவுன்லாந்து' என்ற அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் நிலத்தின் மிகச் சிறிய பிரிவு. நாட்டில் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஊர்ப் பெயரைவிட டவுன்லாந்துப் பெயர் தெரிந்தால்தான் தேடல் நகரும். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அசல் தாள்களைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள், என்ன வேலை, எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவார்களா என்பதெல்லாம் அதில் உண்டு. அதற்கு முந்தையவை கிட்டத்தட்ட இல்லை. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் 1922இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் நீதிமன்ற வளாகத்து ஆவணக் கட்டடம் எரிந்தபோது அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்திருந்தது.

அந்த ஓட்டையை அடைக்க உதவுவது கிரிஃபித் மதிப்பீடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரி விதிக்க எடுத்த நிலக் கணக்கு அது. யார் யாரிடம் எந்த நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தார் என்று வரைபடத்தோடு சொல்லும். பஞ்சம் முடிந்த கையோடு எடுத்ததால், முந்தைய வரைபடத்தில் வீடுகள் இருந்து இதில் காலியாக இருக்கும் இடங்களைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பள்ளிக்கூடத் தொகுப்பு. 1937 முதல் 1939 வரை, ஏறக்குறைய 5,000 பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டு ஊர்க் கதைகளையும் வைத்தியங்களையும் பஞ்ச நினைவுகளையும் நோட்டுகளில் எழுதினார்கள். தூகஸ் என்ற தளத்தில் அந்தப் பக்கங்கள் பிள்ளைகளின் கையெழுத்திலேயே கிடைக்கின்றன. தேடும்போது காங் என்று மட்டும் போடாதீர்கள். கிராஸ், நீல், கிளான்பர், பாலின்ரோப் என்று சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு ஊரின் கதை பக்கத்து ஊர்ப் பிள்ளையின் நோட்டில்தான் பல நேரம் இருக்கும்.